அங்க காது கேக்குமா?

பூரணி: அப்ப டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லச் சொல்றீங்க? மயக்கம்னா?

அழகுமுத்து: மயக்கம்னு சொல்லு. இல்லாட்டி தலச்சுத்துன்னு சொல்லு. தியானம் கியானம்னு மட்டும் வாயத் தொறக்காத.

பூரணி: எனக்குத்தான் தலையே சுத்தலையே.

அழகுமுத்து: நேத்து மத்தியானம் கண்ண மூடி ஒக்காந்தவ, வெளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் செல மாதிரி இருந்தியே... அதுக்குப் பேரு என்ன?

பூரணி: ஒக்காந்திருந்தேன். அவ்வளவுதான்... மெதுவாப் போங்க, குழி!

அழகுமுத்து: குழி எனக்குத் தெரியாதா? இந்த ரோட்டுல ஆட்டோ ஓட்டித்தானே சோறு திங்கிறோம்.

பூரணி: தெரிஞ்சுதான் ஒண்ணு விடாம எறக்குறீங்களாக்கும்.

அழகுமுத்து: சிரி... நல்லா சிரி. லயத்து வீட்டுக்காரங்க எல்லாம் வாசல்ல கூடி நின்னாங்க. ஒலுக்குனேன், கத்துனேன். பக்கத்து வீட்டு வீரம்மாக்கா விபூதி பூசி வேப்பிலை அடிச்சாங்க. நீ எமையக் கூட அசைக்கல. பொண்டாட்டி செத்துப் போயிட்டாளோன்னு மூக்குல வெரல வச்சுப் பாத்தவன் நான். ஒனக்குச் சிரிப்பு வருது.

பூரணி: அதான் பீடி நாத்தம்...

அழகுமுத்து: என்னது?

பூரணி: ஒண்ணுமில்ல. முழிச்சப்ப மூக்குக்கிட்ட பீடி நாத்தமா இருந்துச்சு. நீங்களா அது?

அழகுமுத்து: பேச்ச மாத்தாத. ஹட்டன்ல நரம்பு டாக்டருக்கு சேனல் பண்ணி நம்பர் எடுத்திருக்கேன். ஊசியோ மாத்திரையோ, அவரு பாத்துக் குடுக்கட்டும்.

பூரணி: சும்மா இருக்கறதுக்கு மாத்திரை இருக்குதாங்க?

அழகுமுத்து: சும்மா இருந்தா கூப்புட்டதும் முழிக்கணும்ல? ...அந்தா, சரிபுதீன் நானா கை காட்டுறாரு. ஏத்திக்கிறேன். அவருகிட்ட ஒண்ணும் ஒளறி வைக்காத.

பூரணி: சந்தியில கட வச்சிருக்கவருக்குத் தெரியாத சங்கதி நம்ம தோட்டத்துல இருக்கா?

சரிபுதீன்: ஹட்டன் பக்கந்தானே தம்பி? மண்ணு சரிஞ்சு கெடக்குற எடம் வரைக்கும் விட்டாப் போதும். அந்தப் பக்கம் நம்ம சாமான் வேன் நிக்கிது.

அழகுமுத்து: ஏறுங்க நானா. ரோடு இன்னும் தொறக்கலையா?

சரிபுதீன்: ஒரு பக்கமா மாத்தி மாத்தி விடுறாங்க. மிஷின் மண்ணு அள்ளுது. நிப்பாட்டுனா நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்... தங்கச்சி, ஒடம்பு எப்படி? நேத்து ஒனக்குப் பேய் எறங்கிருச்சுன்னு கடையில ஒரே பேச்சு.

பூரணி: ஏறுனாத்தானே நானா, எறங்குறதுக்கு.

சரிபுதீன்: ஹா... அதச் சொல்லு. மேல தியான மடத்துக்குச் சமைக்கப் போனதுல இருந்துதான் இப்படின்னு சொல்றாங்க. வெள்ளக்காரங்க எல்லாம் வந்து வாய மூடிக்கிட்டு கெடப்பாங்களே, அந்த மடந்தானே?

பூரணி: அதேதான். சமையல் முடிஞ்சா நீயும் வந்து ஒக்காரலாம்னு அங்க இருக்க புத்த சாமி, ஆமதுரு, சொன்னாரு. போயி ஒக்காந்தேன்.

சரிபுதீன்: கண்ண மூடுனா மனசு நிக்கிதா? நான் தொழுகைக்கு நின்னாலும் சில நேரம், பருப்பு மூட்டைய எலி கடிச்சிருக்குமோன்னு ஓடுது. அல்லா மன்னிக்கணும்.

பூரணி: எனக்கும் ஓடுச்சு நானா. அடிக்காம, கட்டாம, ஓடுறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். நாய்க்குட்டி மாதிரி, களைச்சா அதுவா வந்து காலடியில படுத்துக்கிருச்சு.

சரிபுதீன்: தம்பி மனசு எப்படி?

பூரணி: அது ஆட்டோ. பெட்ரோல் இருக்க வரைக்கும் ஓடும்.

அழகுமுத்து: ரெண்டு பேரும் சேந்துக்கிட்டீங்களா?

சரிபுதீன்: கோவிக்காத தம்பி. பெரியவன் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுக்காத. அந்தப் புள்ள போனதுக்கு அப்புறம் தங்கச்சி மனசுல...

அழகுமுத்து: நானா, எடம் வந்துருச்சு.

சரிபுதீன்: இன்னும் ஒரு வளைவு இருக்கே?

அழகுமுத்து: வண்டியெல்லாம் இங்கயே நிக்கிது பாருங்க. நடந்தீங்கன்னா சீக்கிரம் போயிருவீங்க.

சரிபுதீன்: ...சரி தம்பி. எறங்கிக்கிறேன். தங்கச்சி, பாத்துப் போயிட்டு வாங்க. அல்லாகிட்ட துஆ செய்றேன்.

பூரணி: போயிட்டு வாங்க நானா... இப்படியா ஒரு மனுசன நடுரோட்டுல எறக்கி விடுவீங்க?

அழகுமுத்து: வேன் நிக்கிதுன்னாருல்ல.

பூரணி: தனு பேச்ச எடுத்தா எல்லாரயும் எறக்கி விட்டுர்றீங்க.

அழகுமுத்து: எவ்வளவு நேரந்தான் அள்ளுவானுங்க இந்த மண்ண? அந்தப் பெருமழை விட்டு மாசக் கணக்காச்சு. அள்ளுறானுங்க, மறுபடியும் சரியுது, மறுபடியும் அள்ளுறானுங்க...

பூரணி: நம்ம புள்ளைய மூடுனதும் அந்த மழையில வந்த மண்ணுதான்.

அழகுமுத்து: பூரணி...

பூரணி: தோட்டத்துக் கீழ் டிவிசன்ல டியூசன் முடிஞ்சு, மழை விடலன்னு கூட்டாளி வீட்டுல தங்குனா. விடியிறதுக்குள்ள மலை எறங்கி அந்த லயத்து மேல வந்துருச்சு. பன்னெண்டு வயசு...

அழகுமுத்து: தெரிஞ்ச கதைய எதுக்கு எங்கிட்ட சொல்ற?

பூரணி: நீங்க சொல்றதே இல்லையே. அதான் நான் சொல்றேன்... எங்க எறங்குறீங்க?

அழகுமுத்து: டயரு பாக்கிறேன்.

பூரணி: நானாவ எறக்குறப்ப பாத்தீங்களே.

அழகுமுத்து: இப்ப மறுபடியும் பாக்கிறேன்.

பூரணி: காத்து இருக்கா?

அழகுமுத்து: ...இருக்கு.

பூரணி: ஏறி ஒக்காருங்க. தூறலு. நனையிறீங்க... கைப்புடியத் தட்டாதீங்க. வெரலாவது சும்மா இருக்கட்டும்.

அழகுமுத்து: எனக்கு சும்மா இருக்க வராது. நீதான் அதுல பெரிய ஆளு. ...ஏய், ஒண்ணு கேக்கவா?

பூரணி: கேளுங்க.

அழகுமுத்து: அங்க போறியே... அங்க காது கேக்குமா?

பூரணி: எங்க?

அழகுமுத்து: அந்தா, கண்ண மூடிக்கிட்டு போவியே, அங்க. சத்தம் கித்தம் ஏதும் கேக்குமா? ஆளு பேசுனா?

பூரணி: ஆமதுரு சொல்லுவாரு, உள்ள போறவங்களுக்கு சத்தம் முள்ளு மாதிரின்னு. குத்துனா வெளிய வந்துருவாங்களாம். நல்லா உள்ள போயிட்டா குத்தாது.

அழகுமுத்து: அவரு சொன்னது இருக்கட்டும். ஒனக்கு?

பூரணி: மொத தடவ போனப்ப ஒண்ணுமே கேக்கல. மடத்துக்குப் பின்னால தண்ணித் தொட்டி இருக்குல்ல, அங்க ஒக்காந்தேன். சோத்தை அடுப்புல வச்சிட்டு. மூச்சப் பாத்தேன். அது மெல்லிசாச்சு... நூலு மாதிரி ஆச்சு... அப்புறம் வருதா போகுதான்னே தெரியல. கை எங்க இருக்குன்னு தேடுறேன், கையக் காணோம்.

அழகுமுத்து: பயமா இல்லையா?

பூரணி: பயப்படுறதுக்கு ஒரு ஆளு வேணும்ல? அந்த ஆளத்தான் காணோமே.

அழகுமுத்து: சும்மா கத விடாத.

பூரணி: நெசந்தாங்க. மொதல்ல ஒரு குளுமை வந்துச்சு. ஒடம்பு பூரா. சந்தோசம்னு சொல்லலாம். அப்புறம் அந்தச் சந்தோசமும் அடங்கிருச்சு. மேகம் கலைஞ்சா இந்த மலைக்கும் அந்த மலைக்கும் நடுவுல பெரிய எடமாத் தெரியும்ல? அந்த மாதிரி எடம். ஆனா இந்த மலையும் இல்ல, அந்த மலையும் இல்ல.

அழகுமுத்து: வெறும் எடம்?

பூரணி: வெறும் எடம். எடம்னு சொல்றதே இப்பத்தான். அப்ப சொல்ல வாயில்ல.

அழகுமுத்து: அங்க... அவ இருந்தாளா?

பூரணி: யாரு?

அழகுமுத்து: யாருன்னு ஒனக்குத் தெரியாதா?

பூரணி: பேரச் சொல்லிக் கேளுங்களேன்.

அழகுமுத்து: இருந்தாளா இல்லையா?

பூரணி: ...இல்ல.

அழகுமுத்து: இல்லையா! அப்ப எதுக்கு அங்க போற? புள்ளையப் பாக்கத்தான் போறேன்னு நெனச்சேன் நான். சரி, எப்படியோ ஆத்தாளும் மகளும் பாத்துக்கிறாங்கன்னு... அதுவும் இல்லையா?

பூரணி: அவ இல்லங்க. ஆனா அவ இல்லைங்கறதும் அங்க இல்ல.

அழகுமுத்து: என்ன?

பூரணி: அவ செத்துப் போயிட்டான்னு எந்நேரமும் நெஞ்சுல ஒண்ணு ஒக்காந்திருக்கே, அது அங்க இல்ல. அவளப் பெத்தவளே இல்லாதப்ப அது எங்க போயி ஒக்காரும்?

அழகுமுத்து: அப்படி ஒரு எடம் இருக்கா...

பூரணி: கண்ணத் தொறந்தா சோறு கருகிக் கெடக்கு. சாப்பாட்டு மணி அடிச்சு எல்லாரும் வந்திருக்காங்க, எனக்குத் தெரியவே இல்ல. ஆமதுருகிட்ட ஓடிப்போயி எல்லாத்தயும் சொன்னேன், பெருமையா. அவரு கருகுன சோத்தைத் தின்னுக்கிட்டே கேட்டாரு... வெளிய வந்ததும் என்ன இருந்துச்சுன்னு. கருகுன சோறு இருந்துச்சுன்னேன். சரின்னாரு.

அழகுமுத்து: அவ்வளவுதானா? ஒரு பாராட்டு இல்ல?

பூரணி: இல்ல. பெறகு ஒரு நாளு, வந்தவங்க எல்லாம் பஸ் ஏறிப் போயிட்டாங்க. மண்டபத்தக் கூட்டிக்கிட்டு இருந்தேன். அவரு வந்து நின்னாரு. இந்த மண்டபம் இப்ப ஹிஸ்தானேன்னு சிங்களத்துல கேட்டாரு. நம்ம பாசையில காலி, வெறும்னு சொல்லுவோம்ல, அது. ஆமான்னேன். என்னத்தால ஹிஸ்னு கேட்டாரு. ஆளுங்க இல்லைன்னேன். அப்ப ஆளுங்க இல்லைன்னு சொல்லு, ஒண்ணுமே இல்லைன்னு ஏன் சொல்ற? தூணு இருக்கு, பாயி இருக்கு, தொடப்பத்தோட நீ இருக்க... இல்லாதத இல்லைன்னு பாரு, அதுக்கப்புறம் மிச்சம் இருக்கறத இருக்குன்னு பாரு. சூன்யம்னா இதுதான், அது ஒரு வெறுங்குழி இல்லைன்னு சொன்னாரு.

அழகுமுத்து: அவருக்கென்ன... புள்ள குட்டி இல்லாதவரு. சொல்லுவாரு.

பூரணி: எனக்கும் கோவந்தான் வந்துச்சு. தொடப்பத்தப் போட்டுட்டு வந்துட்டேன். லயத்துக் கதவத் தொறக்கறேன். தனு இல்ல. அது தெரியும். தனு இல்லாத வீடு. மிச்சம் என்ன இருக்குன்னு பாத்தேன்.

அழகுமுத்து: என்ன இருந்துச்சு?

பூரணி: நீங்க நின்னீங்க. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டு. சட்டையத் திருப்பிப் போட்டிருந்தீங்க.

அழகுமுத்து: நானா? எப்ப?

பூரணி: அது கூட ஒங்களுக்குத் தெரியல. அவ்வளவு நாளா எனக்கும் தெரியல.

அழகுமுத்து: இதெல்லாம் நல்லாத்தான் பேசுற. ஆனா பூரணி, இனிமே வேணாம். ஒக்கார மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

பூரணி: மாட்டேன்.

அழகுமுத்து: ஒக்கார மாட்டியா?

பூரணி: சத்தியம் பண்ண மாட்டேன்.

அழகுமுத்து: ஒனக்கு என்ன புடிச்சிருக்கு? நான் கெஞ்சுறேன். அந்த மடத்து வேலையும் வேணாம். திரும்ப மலைக்குப் போ, தேயிலக் கொழுந்து எடு, நாலு பேரோட சண்ட போடு. மனுசி மாதிரி இரு.

பூரணி: மடத்த வேணும்னா நிப்பாட்டிக்கிறேன். வீட்டுல ஒக்காருவேன்.

அழகுமுத்து: வீட்டுல ஒக்கார்றதுதான் வேணாங்கறேன்! என் கண்ணு முன்னாலயே போற. ஆளு இருக்கு, நீ இல்ல. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தியா? ஒருத்தி மண்ணுக்குள்ள போனா. நீ கண்ணுக்குள்ள போற. நான் ஒருத்தன் மட்டும் இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு...

பூரணி: சரி, நான் ஒக்காரல. நீங்க என்ன செய்வீங்க?

அழகுமுத்து: என்ன செய்வேன்? ஆட்டோ ஓட்டுவேன்.

பூரணி: வீட்டுல?

அழகுமுத்து: சோறு திம்பேன். படுப்பேன்.

பூரணி: பேசுவீங்களா?

அழகுமுத்து: பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்.

பூரணி: கறியில உப்பு இல்ல, கேஸ் முடிஞ்சிருச்சு, ஆட்டோக்கு கேபிள் மாத்தணும். அதுவா பேச்சு?

அழகுமுத்து: வேற என்னத்தப் பேசணும்? பேசுறேன் நான். அது ஒனக்குத் தெரியாது.

பூரணி: யாருகிட்ட?

அழகுமுத்து: விடு.

பூரணி: யாருகிட்ட பேசுறீங்க?

அழகுமுத்து: விடுன்னா விட மாட்டியா... ஒங்கிட்டதான்.

பூரணி: எங்கிட்டயா? எப்ப?

அழகுமுத்து: நீ ஒக்காந்திருக்கப்ப. முன்னால ஒரு பலகையப் போட்டு ஒக்காந்துக்கிட்டு... சிரிக்காத.

பூரணி: சிரிக்கல.

அழகுமுத்து: மொத தடவ திட்டத்தான் வந்தேன். எந்திரிடி, பசிக்கிதுன்னு கத்துனேன். நீ அசையல. சொவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருந்துச்சு. ஆனா சொவத்துக்கு மொகம் இல்லையே. ஒனக்கு மொகம் இருந்துச்சு. அவ மூக்கு... ஒன் மூக்குத்தானே அவளுக்கு. திடீர்னு தனுன்னு கூப்புட்டுப் பாத்தேன். எத்தன நாளாச்சு அந்தப் பேர வாயில எடுத்து. நீ அழல. அழுதிருந்தா அதோட நிப்பாட்டியிருப்பேன். நீ அப்படியே இருந்த. நான் பாட்டுக்குப் பேசுனேன். அப்புறம் அதே பழகிருச்சு.

பூரணி: என்ன பேசுவீங்க?

அழகுமுத்து: என்னத்தையாவது. அவ நல்லதண்ணி டவுன்ல கூட்டத்துல தொலைஞ்சு போயி, பொம்மக் கடைக்காரன் மடியில ஒக்காந்து கடலை தின்னுக்கிட்டு இருந்தது. எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதுன்னு ஸ்கூல் பூரா சொல்லி வச்சது. இதெல்லாம் ஒனக்கும் தெரிஞ்சதுதான்.

பூரணி: எனக்கு முழிப்பு இருக்கப்ப சொல்லியிருக்கலாம்ல?

அழகுமுத்து: எப்படிச் சொல்றது? நீயே பாதியா இருக்க. என் பாதியயும் ஒன் தலையில கொட்டவா? கேக்காதுன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வாயே வருது.

பூரணி: அப்ப நான் ஒக்கார்றது ஒங்களுக்கும் வேண்டித்தான் இருந்துச்சு.

அழகுமுத்து: இருந்துச்சு. நேத்து வரைக்கும்.

பூரணி: நேத்து என்ன பேசுனீங்க?

அழகுமுத்து: அது ஒனக்கில்ல.

பூரணி: என் மொகத்தப் பாத்து பேசுனது எனக்கில்லையா?

அழகுமுத்து: இல்ல... ஒருத்தருக்கும் இல்ல. இத்தன நாளா உள்ள வச்சிருந்தது. சொல்லி முடிச்சதும் தனியா இருக்க முடியல. ஒன்ன எழுப்பிரலாம், தேத்தண்ணி ஊத்தச் சொல்லலாம், எதையாவது பேசச் சொல்லலாம்னு தோளப் புடிச்சு ஒலுக்குனேன். நீ வரல. பூரணி, பூரணிங்கறேன்... வரவே இல்ல. நான் சொன்னதுதான் ஒன்ன ஒரேயடியா அந்தப் பக்கம் தள்ளிருச்சோன்னு ஆகிப்போச்சு. அதுக்குத்தான் டாக்டரு. எனக்கு வேற வழி தெரியல.

பூரணி: ...முன்னால வண்டி நகருது. கொடி காட்டுறாங்க.

அழகுமுத்து: காட்டட்டும்.

பூரணி: பின்னால ஹோன் அடிக்கிறான்.

அழகுமுத்து: அடிக்கட்டும். ஏய், முன்னால வாய்யா, சுத்திப் போ! ...பூரணி, நீ சுத்தி வளைக்காம ஒண்ணு மட்டும் சொல்லு. ஆமதுரு சொன்னது வேணாம். மொத தடவ நடந்தது வேணாம். அங்க காது கேக்குமா, கேக்காதா?

பூரணி: அங்க கேக்காது.

அழகுமுத்து: நெசமா?

பூரணி: நெசமா.

அழகுமுத்து: அப்பாடா... போதும். நேத்து நான் பேசுன ஒண்ணும் ஒனக்குக் கேக்கலல்ல? அது போதும் எனக்கு.

பூரணி: நான் அங்க போயி ரொம்ப நாளாச்சுங்க. நீங்க மொத மொத தனுன்னு கூப்புட்டீங்களே, அன்னையோட உள்ள போறத விட்டுட்டேன். கண்ண மூடிக்கிட்டு ஒக்காந்து, நீங்க பேசுறதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஆமிக்காரங்கதான் அவள மண்ணுக்குள்ள இருந்து எடுத்தாங்கன்னு எங்கிட்ட சொல்லியிருந்தீங்க... நேத்துத்தான் சொன்னீங்க, அவளத் தோண்டி எடுத்தது நீங்கன்னு, அம்மா பாக்கறதுக்கு முன்னால மொகத்துச் சேத்த ஒங்க சட்டையக் கழட்டித் தொடச்சு விட்டீங்கன்னு. அதக் கேட்ட பெறகு எப்படிங்க கண்ணத் தொறப்பேன்? தொறந்தா கேட்டுட்டேன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுரும். தெரிஞ்சா நிப்பாட்டிருவீங்க. நீங்களும் நிப்பாட்டிட்டா, எம்புள்ளையப் பத்தி எங்கிட்ட வேற யாருங்க பேசுவா?